டாப்ஸ்லிப் – ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கும் வரலாறு

பொள்ளாச்சியிலிருந்து தெற்கே சேத்துமடை வழியாக மலை ஏறினால் வருவது டாப்ஸ்லிப். கோவைப் பக்கம் பள்ளி, கல்லூரிச் சுற்றுலா என்றாலே ஆழியாறு, வால்பாறைக்கு அடுத்து இந்தப் பெயர்தான். யானை முகாம், மான் கூட்டம், பச்சைப் புல்வெளி என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம். ஆனால் தமிழ்நாட்டில், ஆனைமலையின் மடியில், ஒரு ஊருக்கு எப்படி "டாப்ஸ்லிப்" என்று ஆங்கிலப் பெயர் வந்தது? இதை எத்தனை பேர் யோசித்திருப்போம்?

பெயரிலேயே பதில் இருக்கிறது. மலை உச்சியில் வெட்டிய தேக்கு மரங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்து, சரிவில் கீழே சறுக்கி விடுவார்கள். மேலே இருந்து சறுக்கும் இடம், அதனால் டாப் ஸ்லிப். கீழே அடிவாரத்துக்கு வந்த மரங்களை மாட்டு வண்டிகள் சமவெளிக்கு இழுத்துச் சென்றன. காட்டுக்குள் மரத்தை இழுத்து வரும் வேலை யானைகளுக்கு.

இவ்வளவு மரம் யாருக்கு?

கப்பல் கட்டத்தான்! போர்க்கப்பல்களுக்கு ஓக் மரத்தையே நம்பியிருந்த இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஓக் பற்றாக்குறை வந்துவிட்டது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து உண்டு. அதனால் சீக்கிரம் உளுத்துப் போகாது, அதில் அடித்த இரும்பு ஆணியும் எளிதில் துருப்பிடிக்காது. பம்பாய் கப்பல் கட்டும் துறையில் மலபார் தேக்கால் கட்டி 1817இல் கடலில் இறக்கிய ட்ரிங்கோமாலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது என்றால் தேக்கின் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்குக் கடற்கரைக் காடுகள் காலியாகத் தொடங்கியதும் வெள்ளையர் பார்வை ஆனைமலைப் பக்கம் திரும்பியது. 1848 வாக்கில் ஜேம்ஸ் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரி இந்தக் காடுகளின் பொறுப்பாளராக வந்தார். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொன்னானி ஆற்றுக்கும், அங்கிருந்து கடல் வழியே பம்பாய்க்கும் நம் ஊர்த் தேக்கு பயணம் போனது. பிறகு ரயில் வந்தது. சென்னை ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடிய ஆண்டு 1856. தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டை வேண்டும், அதற்கும் மரம்தான்.

அதே 1856இல்தான் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். இப்படியே வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது என்று எச்சரித்தவர்களில் அவர் முக்கியமானவர். ஆனால் இதில் ஒரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். அரசு காட்டைக் காப்பாற்ற நினைத்ததற்குப் பெரிய காரணம் மரத்தின் மீது கொண்ட பாசம் அல்ல, நாளைக்கும் மரம் வேண்டும் என்ற கணக்குத்தான்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். காடு என்பது முதல். அது ஆண்டுதோறும் வளர்வது வட்டி. வட்டியை மட்டும் எடுத்துச் செலவழித்தால் முதல் அப்படியே இருக்கும். ஆனைமலையில் பல ஆண்டுகள் முதலையே எடுத்துத் தின்றுகொண்டு, அதை வருமானம் என்று கணக்கில் எழுதினார்கள்!

இந்தக் கணக்கைத் திருத்த வந்தவர்தான் ஹ்யூகோ வுட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பணியாற்றிய வன அதிகாரி. வெட்டிய இடத்தில் மறுபடி தேக்கு வளர்த்தாக வேண்டும் என்று திட்டம் போட்டுச் செயல்படுத்தினார். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்து வெட்டுவதை நம் ஊர்க்காரர்கள் 'கூப்பு' என்பார்கள். வுட் நடந்து போகும்போது கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, சட்டைப் பையிலிருந்து தேக்கு விதையை எடுத்துப் போட்டுக்கொண்டே போவாராம். இன்றும் அந்தப் பக்கம் சொல்லும் கதை இது.

1933இல் வுட் இறந்தார். டாப்ஸ்லிப் அருகே மவுண்ட் ஸ்டூவர்ட் பகுதியில், தேக்குகளுக்கு நடுவே அவர் கல்லறை இருக்கிறது. அதில் லத்தீன் மொழியில் ஒரே ஒரு வரி. என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார் என்பது அதன் கருத்து. லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தில், அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் சமாதியிலும் இதே வாசகம்தான். அங்கே சுற்றிப் பார்த்தால் கல், இங்கே சுற்றிப் பார்த்தால் மரம்!

வுட்டைப் பாராட்டும்போதே இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒரே இன மரத்தை வரிசையாக வைத்தால் அது தோட்டம்தான், காடு ஆகாது. வித்தியாசத்தைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். டாப்ஸ்லிப்பை ஒட்டியே கரியன் சோலை இருக்கிறது. வெயில் தரையில் விழாத பசுமைமாறாக் காடு. சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வாழ அப்படிப்பட்ட சோலைதான் வேண்டும். கரியன் சோலை, புல்மலை, மஞ்சம்பட்டி ஆகிய பகுதிகள் 1989இல் தேசியப் பூங்கா ஆயின. 2007இல் ஆனைமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் பெயரே வராதவர்கள் யார் தெரியுமா? காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகிய மலைவாழ் மக்கள். காட்டுக்குள் வழிகாட்டியதும், மரம் வெட்டியதும், யானையைப் பழக்கியதும் இவர்கள்தான். ஆனால் 1882 சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு சொந்த மண்ணிலேயே அனுமதி கேட்டு வாழ வேண்டிய நிலை. 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் உரிமை தானாகக் கைக்கு வரவில்லை. 2019 மழையில் நிலம் சரிந்து வீடிழந்த கல்லார்குடி காடர்கள், பக்கத்துத் தெப்பக்குளமேட்டில் குடியேறும் உரிமைக்காக 2021 வரை போராட வேண்டியிருந்தது. வெள்ளைக்கார அதிகாரிக்குக் கல்லறை இருக்கிறது. அவர் சொன்ன இடத்தில் நாற்று நட்ட கைகளுக்கு ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை.

அன்று மரம் இழுத்த யானைகளின் வாரிசாக இன்று கோழிகமுத்தி முகாமில் கும்கிகள் இருக்கின்றன. ஊருக்குள் வரும் காட்டு யானைகளைத் திருப்பி அனுப்புவது இப்போது அவற்றின் வேலை. பல ஆண்டுகள் அந்தப் பணியைச் செய்த கலீம் என்ற கும்கி 2023இல், 60 வயதில், மரியாதை அணிவகுப்போடு ஓய்வு பெற்றது.

காட்டின் முதல் வேலை பணம் தருவது அல்ல, சூழலைக் காப்பது என்று 1988 தேசிய வனக் கொள்கை எழுதி வைத்தது. டாப்ஸ்லிப்பின் கதையைத் தெரிந்துகொண்டால், அந்த ஒரு வரிக்கு வந்து சேர நமக்கு 140 ஆண்டுகள் பிடித்திருக்கிறது என்பது புரியும்.

அடுத்த முறை டாப்ஸ்லிப் போனால், யானைச் சவாரி கேட்டு நிற்காமல், கொஞ்சம் நடந்து அந்தக் கல்லறையையும் பார்த்துவிட்டு வாருங்கள். வுட் சொன்னபடி சுற்றிலும் பாருங்கள். மரங்களோடு, அங்கே இருக்கும் மனிதர்களையும் சேர்த்து.