தகரத்தில் விழுந்த அடி

ஆவடி ஸ்டேஷனில் காலை மின்சார ரயில் வந்து நிற்கும்போது கல்லூரிப் பையன்கள் எந்தப் பெட்டியில் இருக்கிறார்கள் என்று தேட வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும். பெட்டியின் தகரச் சுவரை உள்ளங்கையால் அடித்து, தங்கள் வழித்தடக் கூட்டத்தின் தலைவனான ‘ரூட்டு தல’யின் புகழைக் கானாவாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். பருத்திப்பட்டிலிருந்து வந்து வேலைக்குப் போக ஏறுகிறவர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள், சிலர் காலால் தாளம் போடுவார்கள். ரயில்வே போலீசுக்கு இது ஒழுங்குப் பிரச்சினை. அடிதடியில் முடிந்த நாட்களும் உண்டு, போலீசைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அடி ரயிலில் பிறந்ததல்ல.

அது பிறந்தது சாவு வீட்டில். ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் ஒருவர் செத்தால், எடுக்கும்வரை ராத்திரி முழுக்கப் பந்தலடியில் கானா நடக்கும். செத்தவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு மாமன், யாருக்கு மச்சான் என்று பாடகர் அங்கேயே கட்டிப் பாடுவார். டோலக் ஒன்று இருந்தால் போதும். அதுவும் இல்லையென்றால் மேசையோ தீப்பெட்டியோ. ஊர்வலம் கிளம்பினால் பறையும் சட்டியும் கட்ட மோளமும் சேர்ந்துகொள்ளும். கேட்டுப் பாருங்கள்: வரியின் கடைசிச் சொல்லைப் பாடகர் இழுத்துக்கொண்டே போவார், தாளம் பொறுத்துக் காத்திருக்கும், இயைபு வந்து விழுந்ததும் அடி பாயும். நோட்டுப் போட்டு எழுதிக் கற்றுக்கொள்கிற விஷயமில்லை இது. விடியும்வரை உட்கார்ந்து கேட்டால்தான் கைக்கு வரும்.

இல்லாத வாத்தியத்துக்குக் கை ஈடு கட்டுவது எல்லா ஊர் ஏழை இசைக்கும் பொது. 1954 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், சன் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லி முதல் வெற்றிப் பாட்டைப் பதிந்தபோது டிரம்ஸ்காரர் கிடையாது. பில் பிளாக் என்பவர் ஆளுயர பேஸின் நரம்புகளை இழுத்துக் கட்டையில் அறைந்து தாளத்தையும் தானே பார்த்துக்கொண்டார். வெள்ளைக்காரக் குடியானவர்களின் பாட்டும் கறுப்பின மக்களின் புளூஸும் கலந்த ராக்கபில்லி அந்த அறையில்தான் உருத்திரண்டது. 1976-இல் நியூயார்க்கில் கிளம்பிய ‘த கிராம்ப்ஸ்’ அதையே எடுத்து, பங்க் இசையின் அழுக்கையும் கோபத்தையும் ஏற்றினார்கள். தொடக்கத்தில் அவர்களிடம் பேஸே இல்லை. இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ், ஒரு கத்தல். சபை மரியாதை பார்க்கிற ஆட்களில்லை. 1978-இல் கலிபோர்னியாவின் நாபா மனநல மருத்துவமனைக்குள்ளேயே போய், அங்கிருந்தவர்களுக்காக வாசித்தார்கள்.

எல்விஸ் பாடிய அந்தப் பாட்டு ஆர்தர் குருடப் என்ற கறுப்பினக் கலைஞருடையது. எட்டு வருடம் முன்பே அதை அவர் பதிந்திருந்தார். பாட்டு உலகம் சுற்றியது. அவருக்குச் சேர வேண்டிய பணம் கடைசிவரை ஒழுங்காகச் சேரவில்லை. சத்தம் பயணப்படும், அதை வைத்திருந்தவர் வீட்டிலேயே நிற்பார். கானாவின் கதையிலும் எனக்கு உறுத்துவது இதுதான்.

தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா கானாவைச் சினிமாவின் நடுவாசல் வழியாகவே அழைத்துப் போனார். 1996-இல் ‘காதல் கோட்டை’ வந்தபோது ஊரெல்லாம் அதன் கானாவை முணுமுணுத்தது. தாளம் ஸ்டூடியோவுக்குப் போயிற்று. சாவு வீட்டில் பாடியவர்களில் பெரும்பாலோர் சாவு வீட்டிலேயே இருந்தார்கள். கணக்கு கொஞ்சம் மாறியது 2012-இல். ஆவடிக்குப் பக்கத்துக் கர்லப்பாக்கத்தில் பிறந்த பா. ரஞ்சித் தன் முதல் படம் ‘அட்டகத்தி’யை இந்தப் புறநகரை வைத்தே எடுத்தார். சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா பாடினார். இந்த முறை தாளத்தோடு ஆளும் வந்திருந்தார்.

அடுத்த தாவல்தான் பெரியது. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், ‘குரங்கன்’ இசைக்குழுவில் இருந்த டென்மாவும் சேர்ந்து ஆள் தேடி, 19 பேரை ஒன்றாக்கினார்கள். சிந்தனையாளர் அயோத்திதாசர் சொன்ன ‘சாதியற்ற தமிழர்’ என்பதிலிருந்து பேர்: ‘த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்துப் பள்ளி மைதானம், ஆயிரக்கணக்கில் கூட்டம். மேடையில் எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு. அம்பேத்கர் சிலையைத் தினம் பார்க்கிற ஊருக்கு அந்தக் கோட்டின் அர்த்தத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. மாட்டிறைச்சி, இட ஒதுக்கீடு என்று வீட்டு வரவேற்பறையில் பேசத் தயங்குவதையெல்லாம் மைக்கில் பாடினார்கள்.

வரிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் கேட்டது வேறு. எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் இருக்கிற மேடையில் சட்டியும் பறையும் ஓரத்து அலங்காரமாக ஒடுங்கிப்போவதுதான் வழக்கம். இங்கே கிதார் ஒதுங்கி வழிவிட்டது. சட்டி அதன் போக்கில் பாய, ராக் பின்னாலே ஓடியது. குறையும் உண்டு: ராத்திரி முழுக்க நீளும் கானா, மேடையின் நாலைந்து நிமிடத்துக்குள் அடங்கும்போது அந்தக் காத்திருப்பு தேய்ந்துவிடுகிறது. இழுவை இல்லாத கானா பாதிக் கானா.

குழுவில் இருந்த அறிவு, இதே தண்டவாளத்தின் மறுமுனையான அரக்கோணத்துக்காரர். 2021 மார்ச்சில் அவர் பாடி வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையும் ஒப்பாரியும் உலகம் சுற்றின. அந்த ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டைப்படத்தில் அவரோடு அதைப் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பெரிய சர்ச்சையான பிறகு பத்திரிகை அறிவையும் அட்டையில் போட்டது. குருடப்புக்கு அப்படிக் கேட்க ஆள் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆண்களே பாடிவந்த கானாவை இந்தக் குழுவில் பாடிய இசைவாணி, 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். 2024 நவம்பரில், அவர் சில வருடங்களுக்கு முன் பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’ திடீரென்று கிளறப்பட்டது. புகார்கள், வசவுகள், மிரட்டல்கள். குழுவாகச் சேர்ந்து போட்ட பாட்டு அது. போன் மணி அடித்தது அந்தப் பெண்ணுக்கு.