வெயில் எழுப்பும் நீரூற்று

தோட்டத்துத் தொட்டியில் மிதக்கவிடும் சிறு சோலார் நீரூற்றுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. வெயில் பட்டால் நீர் எழும். மேகம் மறைத்தால் அடங்கும். இதை நம் காலத்து விளையாட்டுப் பொருள் என்றே எண்ணுகிறோம். ஆயினும் கதிரவனைக் கொண்டு நீரை ஓடச்செய்யும் ஆசைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வயதாகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியாவின் ஹீரோ, காற்றுப் பொறிகள் குறித்த தம் நூலில் இத்தகைய ஒன்றை விவரிக்கிறார். நீர் கொண்ட கோளத்தின்மீது வெயில் விழ, உள்ளிருக்கும் காற்று விரிந்து நீரை வெளியே தள்ளும். நிழல் வந்ததும் காற்று சுருங்கி, சொட்டிய நீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஏற்றம் இறைப்பதற்கன்று, பார்த்து வியப்பதற்கே இந்தப் பொறி.

1615இல் இக்கருத்தைப் பெரிதாக்கியவர் பிரெஞ்சுப் பொறியாளர் சாலமோன் த கோ. அப்போது அவர் ஹைடல்பர்கில் ஐந்தாம் பிரெடெரிக்குக்காக அரண்மனைத் தோட்டம் அமைத்துக்கொண்டிருந்தார். அவ்வாண்டு வெளியான அவர் நூலில், நான்கு செப்புக் கலங்களில் மூன்றிலொரு பங்கு நீர். பகலில் சூடேறிய காற்று நீரை ஊற்றுக்கு அனுப்பும். இரவில் கலங்கள் குளிர்ந்து, கீழ்த்தொட்டியிலிருந்து புதுநீரை இழுக்கும். மற்றொரு வடிவில் வெயிலைக் குவிக்க வில்லைகளையும் பொருத்தினார். இரவையே பொறியின் ஓர் உறுப்பாக்கிய இந்த யோசனைதான் நம்மை மிகவும் கவர்கிறது. தோட்டத்தின் விதி வேறாக இருந்தது. 1619இல் பிரெடெரிக் பொஹீமிய முடியை ஏற்க, முப்பதாண்டுப் போரின் நடுவே தோட்டம் முற்றுப்பெறாமலே நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கணித ஆசிரியர் அகஸ்தின் மூஷோ இவ்விளையாட்டைத் தொழிலாக்க முயன்றார். கதிரவனின் வெப்பத்தால் நீராவி இயந்திரத்தை ஓட்டினார். 1878 பாரிஸ் கண்காட்சியில் அவ்வெப்பத்தாலேயே பனிக்கட்டியும் செய்துகாட்டினார். அவருடைய உதவியாளர் ஆபெல் பிஃப்ர், 1882 ஆகஸ்ட் 6 அன்று பாரிசின் துய்லரி தோட்டத்தில், அடிக்கடி மேகம் மூடிய பிற்பகலிலும் மணிக்குச் சுமார் 500 படிகள் வீதம் ஒரு செய்தித்தாளை அச்சிட்டார். நிலக்கரி மலிந்தபின் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை வெளியிட்டபோது அதன் திறன் ஏறத்தாழ 6 சதவீதம். அன்று அதைக்கொண்டு சுற்றிக்காட்டியது ஒரு பொம்மை ராட்டினம்! பயன்பாட்டுக்கு முன் மீண்டும் விளையாட்டே வந்தது.

இப்போது மேகத்திலும் நில்லாதபடி மின்கலம் சேர்த்து விற்கிறார்கள். நாம் விரும்புவது அது இல்லாததையே. நீர் தாழ்ந்தால் அண்ணாந்து பார்க்கிறோம். மேகம் விலகும்வரை காத்திருக்கிறோம்.