உறங்கும் பறவை

குளிர் தொடங்கியதும் ஐரோப்பாவின் வீட்டுக் கூரைகளிலிருந்து தகைவிலான் குருவிகள் மறைந்துவிடும். எங்கே போகின்றன? முள்ளெலி சருகுக்குள் சுருண்டும் வௌவால் குகைக்குள் தொங்கியும் குளிர்காலத்தை உறங்கிக் கழிப்பதைக் கண்டிருந்த மக்களுக்கு விடை எளிதாகவே கிடைத்தது: குருவியும் எங்கோ உறங்குகிறது.

பறவைகள் வலசை போவதை அரிஸ்டாட்டில் அறிந்திருந்தார். ஆயினும் சில தகைவிலான்கள் இறகுதிர்ந்து பொந்துகளில் ஒடுங்கிக் கிடப்பதாக அவரே எழுதிவைத்தார். 1555இல் ரோமில் அச்சான தம் நூலில் ஸ்வீடனின் பேராயர் ஓலாஸ் மாக்னஸ் இன்னும் ஒருபடி மேலே போனார். குருவிகள் கொத்தாகச் சேர்ந்து நீருக்கடியில் உறங்குகின்றனவாம்; மீனவர் வலையில் மீனோடு குருவிகளும் ஏறிவரும் மரச்செதுக்குப் படமும் அந்நூலில் உண்டு. உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸும் இதை நம்பினார். 1789இல் தம் ஊரின் இயற்கை வரலாற்றை வெளியிட்ட கில்பர்ட் வைட், நுட்பமான அவதானிப்பாளராக இருந்தும், இந்த எண்ணத்தை முற்றாகக் கைவிடவில்லை.

1822இல் ஜெர்மனியில் சுடப்பட்ட ஒரு செங்கால் நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று ஊடுருவி நின்றது. பாடம் செய்யப்பட்ட அப்பறவை ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1911இல் இங்கிலாந்தில் காலில் வளையமிடப்பட்ட தகைவிலான் ஒன்று 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கிடைத்தது. குருவிகள் உறங்கவில்லை, பறந்துபோயின என்பது உறுதியாயிற்று. உறங்கும் பறவை என்பதே பாமரக் கதைகளின் வரிசையில் சேர்ந்தது.

அந்தக் கதைக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. 1946 டிசம்பரில் கலிபோர்னியாவின் சக்வாலா மலையில், பாறைப் பிளவொன்றில் ஒடுங்கியிருந்த பூர்வில் பறவையை எட்மண்ட் யேகர் கண்டார். அது பக்கிக்குருவி இனத்தைச் சேர்ந்தது. தொட்டும் அசையவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அதே இடத்தில் இருந்த பறவையை அவர் தொடர்ந்து கவனித்தார். மூக்கருகே பிடித்த கண்ணாடியில் ஈரம் படியவில்லை, இதயத்துடிப்பும் கேட்கவில்லை. வழக்கமாக 40 பாகைக்கு மேலிருக்கும் உடல்வெப்பம் 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கியிருந்தது. பூச்சிகள் அரிதாகும் காலத்தை, சேமித்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவிட்டு அப்பறவை கடந்தது.

இது அறிவியலுக்குத்தான் புதிது. 1804 அக்டோபரிலேயே, மிசூரி ஆற்று வழியே பயணம் செய்த மெரிவெதர் லூயிஸ், மரத்துக் கிடந்த ஒரு சிறு பறவையைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது பூர்வில் என்றே பின்வந்தோர் கருதுகின்றனர். அமெரிக்கத் தென்மேற்கின் ஹோபி பழங்குடியினரோ இப்பறவைக்கு ‘உறங்குவது’ என்று பொருள்படும் பெயரையே இட்டிருந்தார்கள்.

ஐரோப்பியப் பேரறிஞர்கள் உறங்காத குருவியை உறங்கவைத்து நூல்கள் எழுதினார்கள். உண்மையில் உறங்கிய பறவையைப் பற்றிய அறிவு, ஏட்டில் ஏறாத ஒரு மொழியின் ஒற்றைச் சொல்லில் தங்கியிருந்தது. ஒரு மொழி அழியும்போது இதுபோல் எத்தனை சொற்கள் கேட்பாரின்றிப் போகின்றனவோ!