முடிவுத் தேதி எழுதப்பட்ட வரிவிலக்கு: எலக்ட்ரானிக் சிட்டி சொல்லும் வரலாறு

சந்தாபுராவிலிருந்து ஓசூர் சாலை வழியே பெங்களூரு செல்லும் வழியில் எலக்ட்ரானிக் சிட்டி அமைந்துள்ளது. 1970களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் தொடங்கிய இத்தொழிற்பேட்டையின் வளர்ச்சிக்குப் பொறியாளர்களின் திறமையும் 1991ஆம் ஆண்டின் தாராளமயமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. வருமானவரிச் சட்டத்தின் 10ஏ பிரிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1981இல் தடையற்ற வணிக மண்டலங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட அப்பிரிவு, 1990களில் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் ஏற்றுமதி இலாபத்துக்குப் பத்தாண்டு விலக்கு அளித்ததோடு, 2009 மார்ச்சுக்குப் பின் எவருக்கும் விலக்கில்லை என்றும் வரையறுத்தது. ஆயினும் 2008இல் ஓராண்டு நீட்டிப்பு வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி 2009இல் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. 2011 மார்ச்சில்தான் விலக்கு முடிவுற்றது.

வரவு செலவுத் திட்டத்தில் ஒரு செலவினம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். வரிவிலக்குக்கு அக்கட்டாயம் இல்லை. ஒருமுறை சட்டமானால் அது தானே தொடர்கிறது. விட்டுக்கொடுக்கப்பட்ட வருவாயைக் காட்டும் அறிக்கையே 2006-07 வரவு செலவுத் திட்டத்துடன்தான் முதன்முதலாக வெளிவந்தது. அதாவது, விலக்கு நடைமுறையில் இருந்த காலத்தின் பெரும்பகுதியில் அதன் விலை பொதுப்பார்வைக்கு வரவில்லை.

அவ்விலையை மத்திய அரசு மட்டும் ஏற்கவுமில்லை. 2000ஆம் ஆண்டின் 80ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின் நிறுவன வரியும் மாநிலங்களுடன் பகிரப்படும் தொகுப்பில் சேர்ந்தது. எனவே, மென்பொருள் ஏற்றுமதியே இல்லாத மாநிலத்தின் பங்கும் இவ்விலக்கால் குறைந்தது. ஊழியர்களின் ஊதியத்தின்மீது கிடைத்த வருமானவரி இழப்பின் ஒரு பகுதியை ஈடுசெய்திருக்கலாம். ஆனால், சலுகை இல்லாதிருந்தாலும் அத்தொழில் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கும் என்று தெரியாமல் அக்கணக்கை முடிக்க இயலாது.

முடிவுத் தேதி நெருங்குமுன்பே அடுத்த சலுகையும் பிறந்துவிட்டது. 2005ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 10ஏஏ பிரிவைக் கொண்டுவந்தது. முதல் ஐந்தாண்டுகளுக்கு முழு விலக்கு, அடுத்த ஐந்தாண்டுகளுக்குப் பாதி, மறுமுதலீட்டு நிபந்தனையுடன் மேலும் ஐந்தாண்டுகள் என்பது அதன் அமைப்பு. பழைய அலகைப் பிரித்து இடம்மாற்றச் சட்டம் இடந்தரவில்லை; எனினும் புதிய வேலைகளைப் புதிய மண்டலத்தில் தொடங்க முடிந்தது. இந்த வாயிலும் 2020ஐ ஒட்டிப் புதிய அலகுகளுக்கு மூடப்பட்டது. ஆனால் ஏற்கெனவே நுழைந்தவற்றுக்கான உரிமை 2030களின் நடுப்பகுதிவரை செல்லும்.

தற்காலிகச் சலுகையின் நிதிச்சுமையை மதிப்பிடுவோர் சட்டத்தில் எழுதப்பட்ட தேதியோடு நின்றுவிடலாகாது. நீட்டிப்புகளையும், அதன் இடத்துக்கு வரும் அடுத்த சலுகையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.