வடலூர்த் தைப்பூசமும் ஏழு திரைகளும்

தைப்பூசம் பெரும்பாலும் முருகன் கோயில்களின் திருவிழாவாகும். கடலூர் மாவட்டம் வடலூரில் மட்டும் அது சோதி தரிசன நாள். இவ்வழக்கத்தைத் தொடங்கியவர், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளார் (வள்ளலார்). பார்வதிபுரம் மக்கள் அளித்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில் அவர் எழுப்பிய எண்கோண வடிவிலான சத்திய ஞான சபையில், 25-1-1872 தைப்பூசத்தன்று முதல் தரிசனம் நடைபெற்றது.

இதன் பொருளை அறியச் சிதம்பரத்தை நினைவில் கொள்ள வேண்டும். கருங்குழியில் தங்கியிருந்த காலத்தில் வள்ளலார் அடிக்கடி தில்லைக்குச் சென்று வழிபட்டவர். அங்கே நடராசர் சன்னிதியின் பக்கத்தில் ஒரு திரை உண்டு. அதை விலக்கினால் தெரிவது பொன் வில்வ மாலை தொங்கும் வெறுவெளி. இறைவன் ஆகாய வடிவினன் என்பதே சிதம்பர இரகசியம். வடலூரில் அத்திரை ஏழாகிறது. விலக்கினால் ஒளி தெரிகிறது. தில்லையைப் பூர்வ ஞான சிதம்பரம் என்றும் வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்றும் அவர் வழங்கியதில் இத்தொடர்ச்சி விளங்கும்.

கறுப்புத் திரை மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி, பச்சை பரா சக்தி, சிவப்பு இச்சா சக்தி, பொன்னிறம் ஞான சக்தி, வெண்மை ஆதி சக்தி, கலப்பு நிறம் சிற்சக்தி. ஆன்மாவை மறைக்கும் இத்திரைகள் நீங்கினால் உள்ளொளியாகிய அருட்பெருஞ்சோதி தோன்றும் என்பது கருத்து. மாதப் பூசங்களில் ஆறு திரைகளே விலக்கப்படும். தைப்பூசத்தில் மட்டுமே ஏழும். காலை 6 மணி முதல் மறுநாள் விடியற்காலை வரை ஆறு முறை தரிசனம் நடைபெறும். கூட்டத்தில் நிற்பவருக்கு அது சில நொடிக் காட்சிதான்.

சாதி, சமய வேறுபாடின்றி எவரும் சோதியைக் காணலாம். ஆயினும் சபைக்குள் புக அவர் ஒரு நிபந்தனை வைத்தார்: கொலையும் புலாலும் தவிர்த்திருக்க வேண்டும். பிறப்பைக் கேளாமல் ஒழுக்கத்தைக் கேட்ட இவ்விதி, அக்காலத்தில் எளிதில் ஏற்கத்தக்கதாக இருந்திருக்காது. சமயச் சடங்குகளை அவர் விலக்கியதால் இதனை வழக்கமான இந்துத் திருவிழாக்களுள் ஒன்றாகச் சேர்ப்பதும் முழுப் பொருத்தமன்று. பிற்காலத்தில் சபைக்குள் இலிங்க வழிபாடு புகுந்தபோது இக்கேள்வி வழக்காகவே மாறியது. வள்ளலார் வகுத்த சோதி வழிபாடே நடைபெற வேண்டும் என்று அறநிலையத் துறை 2006-இல் ஆணையிட்டது; சென்னை உயர் நீதிமன்றம் 2010-இல் அதை உறுதி செய்தது.

சபைக்கும் முன்னதாக, 23-5-1867 அன்று, அவர் தருமச்சாலையைத் தொடங்கியிருந்தார். பசி தீர்ப்பதே சீவகாருணியத்தின் முதற்படி என்பது அவர் கொள்கை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பூசத்தன்று சோதி கண்டவர்கள் அங்கே பந்தியில் அமர்ந்து உண்டுதான் ஊர் திரும்புகிறார்கள்.