ஸ்லாவியல்

ஸ்லாவிய மக்களின் மொழி, இலக்கியம், நாட்டார் வழக்காறு ஆகியவற்றை ஆராயும் துறை. இதன் தந்தையாகக் கருதப்படுபவர் செக் நாட்டுப் பாதிரியார் யோசெஃப் தோப்ரோவ்ஸ்கி (1753–1829). பழைய ஸ்லாவிய மொழிக்கு 1822இல் அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் துறைக்கு அடித்தளமிட்டது. சான்றுக்கு முன் நாட்டுப்பற்றும் தலைவணங்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். செக் இலக்கியத்தின் தொன்மைக்குச் சான்றாகக் கொண்டாடப்பட்ட ஒரு கையெழுத்துச் சுவடியைப் போலி என்று 1824இல் துணிந்து எழுதினார். பலர் அவரைத் தூற்றினர். 1880களில் செக் அறிஞர்களான யான் கெபவுரும் தோமாஷ் மசாரிக்கும் முன்னெடுத்த விவாதம் அவர் பக்கமே நியாயம் என்று காட்டியது. இத்துறையின் மிகப் பெருமைக்குரிய அத்தியாயம் இதுவே.

ரஷ்யாவில் அலெக்சாந்தர் வஸ்தோகவ், பழைய ஏடுகளில் வரும் இரு புதிரான எழுத்துகள் மூக்கொலி உயிர்களைக் குறித்தவை என்பதைப் போலிஷ் மொழியோடு ஒப்பிட்டு 1820இல் நிறுவினார்.

வியன்னா அடுத்த மையமாயிற்று. அரச நூலகத்தில் பணியாற்றிய ஸ்லோவேனியர் யெர்னெய் கோபித்தாரின் தூண்டுதலால் வூக் கராஜிச் செர்பிய நாட்டுப்பாடல்களையும், 1818இல் அகராதியையும் வெளியிட்டார். 1849இல் அங்கு பேராசிரியரான ஃப்ராஞ்ச் மிக்லோசிச் ஒப்பிலக்கணம் படைத்தார். அவருக்குப்பின் அப்பதவியேற்ற குரோஷியர் வத்ரோஸ்லாவ் யாகிச், முன்னரே 1875இல் பெர்லினில் துறைக்கான ஆய்விதழைத் தொடங்கியிருந்தார். 1922 முதல் நிகலாய் துருபெத்ஸ்கோய் வியன்னாவில் கற்பித்தார். அவருடைய நண்பர் ரோமன் யாக்கப்சன் பிராகிலிருந்து வெளியேறி, 1949இல் ஹார்வர்டில் ஸ்லாவிய ஆய்வைத் தழைக்கச் செய்தார்.