கறுப்பர் நகரத்தில் ஒரு டாக்டர் ஆரம்பித்த கலைப்பள்ளி

1/ சென்னை கவின்கலைக் கல்லூரிக்கு விதை போட்டவர் ஒரு டாக்டர். அதுவும் வடசென்னையில. கலை, அறிவியல், தொழில்நுட்பம் மூணும் ஒரே கூரைக்குள்ள இருந்த கதை இது. பொறுமையா படிங்க.

2/ அலெக்சாண்டர் ஹன்டர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1850 மே மாதம் பாப்ஹாம்ஸ் பிராட்வேயில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அன்று கறுப்பர் நகரம், இன்று ஜார்ஜ் டவுன். ராயபுரத்துக்குப் பக்கம்தான். அரசுப் பள்ளி இல்ல, அவரோட சொந்த முயற்சி. அடுத்த வருஷமே தொழிற்பள்ளியும் சேர்ந்தது.

3/ டாக்டருக்கு ஓவியம் எதுக்கு? மருத்துவம் படிச்சவங்களைக் கேளுங்க. அனாடமி ரெக்கார்டில் ஓர் எலும்பை வரையும்போதுதான் அதன் பள்ளமும் மேடும் கண்ணில் படும். வரையத் தெரிந்தவருக்குக் கவனிக்கவும் வரும்.

4/ அந்த வருஷமே ஹன்டர் ஒரு இதழையும் கொண்டுவந்தார். கலை, அறிவியல், உற்பத்தி மூணும் அதன் பெயரிலேயே இருந்தது. பள்ளியில் ஓவியத்தோட மரச்செதுக்கு அச்சு, மண்பாண்டம், செங்கல், ஓடு எல்லாம் பாடம்.

5/ 1851-ல் அரசு அருங்காட்சியகம் பிறந்தது. பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர். அவரும் மருத்துவர்தான்! 1,100 பாறை மாதிரிகளோட ஆரம்பம். அப்புறம் விலங்குகள், சிற்பங்கள் எல்லாம் வந்து சேர்ந்தது.

6/ 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்புது. அதே வருஷம் சென்னையில் புகைப்படச் சங்கம். அதிலும் ஹன்டர் இருக்கார். புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப்பின் உதவியாளர் ஐயாசாமி, பின்னாளில் இந்தப் பள்ளியிலேயே புகைப்படக்கலை கற்பித்தார்.

7/ 1852-ல் அரசு எடுத்துக்கொண்ட பள்ளி, பிறகு பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போனது. 1898-ல் பொறியியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். நம்ம வீட்டு அலுமினியச் சட்டிக்கும் கலைப்பள்ளிக்கும் இப்படி ஒரு சொந்தம்!

8/ ஹன்டரைத் தூக்கி வைத்துக் கொண்டாடச் சொல்லல. 'உள்ளூர் ஆட்களுக்கு ரசனை கற்றுத்தரணும்'ங்கிற காலனிய எண்ணமும் அதில் இருந்தது. கண்ணும் கணக்கும் கைவேலையும் நம்ம கம்மாளர் பட்டறையில் அதுக்கு முன்னாடியே ஒண்ணாத்தான் இருந்தது.

9/ பிரிச்சது நாமதான். மார்க் வந்தா சயின்ஸ் குரூப். படம் வரைஞ்சா 'உருப்படுற வழியப் பாரு'.

10/ இந்தப் பிரிவோட விலை என்ன? எண்ணூர்ல பாருங்க. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தை மூடுது. நுண்துகள் நுரையீரலை என்ன செய்யும்னு நாங்க பக்கம் பக்கமா எழுதலாம். ஆனா 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூரிலேயே நின்று 'சென்னை புறம்போக்கு பாடல்' பாடினார். அறிக்கை போகாத வீடுகளுக்கெல்லாம் அந்தப் பாட்டு போனது.

11/ காசிமேட்டுப் பிள்ளை ஒரு கேமராவோட, திருவொற்றியூர்ப் பிள்ளை ஒரு காற்றுமானியோட வந்து நிற்க, வடசென்னைக்குள்ளேயே ஒரு பொதுக்கூடம் வேணும். 175 வருஷம் முன்னாடி இதே மண்ணில் நடந்ததுதான். உங்க வீட்டுப் பிள்ளை படம் வரைஞ்சா, நோட்டைப் பிடுங்காதீங்க.